மொகஞ்சதாரோவில் ஆள் குடியேறிய வாரம்

பம்பாய்க்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் கடலைப் பற்றிச் சொல்கிறார்கள். நான் அங்கே சில வாரங்கள் இருந்தும் கடலைச் சரியாகப் பார்க்கவில்லை. பயந்தவன் பார்வை தரையில் இருக்கும். இல்லாவிட்டால் முதுகுப் பக்கம் இருக்கும். ஆகவே பம்பாயின் தரையைப் பற்றி என்னைக் கேட்கலாம். பின்னால் வருகிறவர்களைப் பற்றியும் கேட்கலாம். மற்றவற்றுக்குத் தைரியசாலிகள் எழுதியதைப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் தங்கை எஸ்தரின் கணவர் தேவசகாயம், தாராவியில் ஒரு தமிழ் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வந்து ஒரு வகுப்பைப் பார்த்து, திருப்தி என்று எழுதினால் நிரந்தரம். எழுதாவிட்டால் பெட்டி படுக்கை, பெண்டு பிள்ளைகளோடு பாளையங்கோட்டைக்கு ரயில். இன்ஸ்பெக்டர் வரும் மாதம் பார்த்து மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. நானும் பாளையங்கோட்டையில் சரித்திரம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவன்தான். என் பள்ளியில் லீவு கேட்டேன். கேட்ட உடனே கொடுத்தார்கள். அவ்வளவு உடனே கொடுத்திருக்க வேண்டாம்.

செம்பூரில் அவர்களுக்கு ஓர் அறையும், அறை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சமையற்கட்டும் இருந்தன. மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்து கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள்.

“ஒன்பதாங் கிளாஸ் மச்சான். பாடம் ஆதி நதிக்கரை நாகரிகங்கள். நைல், யூப்ரடீஸ், சிந்து, மஞ்சள் ஆறு” என்றார். கடைசி ஆற்றின் பெயரைச் சொல்லும்போது தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“அதை நான் தூக்கத்திலேயே நடத்துவேன் மாப்ளே.”

“தூக்கத்துல வேண்டாம். பதில் வாத்தியார் பாடம் எடுக்கலாம்னு ஹெட்மாஸ்டர் அனுமதி வாங்கிட்டாரு. ஆனா ரிப்போர்ட்டு என் பேர்லதான் எழுதுவாவ. நீங்க சொதப்புனா எனக்குத்தான் கெட்ட மார்க்கு.”

எஸ்தர் கதவோரம் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: “அண்ணே, இந்த வேலை போச்சுன்னா நாங்க ஊருக்கு வந்து உங்க வீட்டுலதான் இருக்கணும்.”

அவள் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். என் வீட்டில் இரண்டு அறைகள். அதில் ஒன்று என்னுடையது. கற்பிக்கும் தொழிலில் எனக்கு அன்று ஏற்பட்ட ஊக்கம் அதற்கு முன் ஏற்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்குப் போனேன். மாப்பிள்ளைக்குக் கீழாநெல்லி வாங்க வேண்டும். அது கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கிடைக்கும் என்றாள் எஸ்தர். கிடைத்தது. வாழையிலை, முருங்கைக்காய், பூச்சரம், தமிழில் பேரம் எல்லாம் கிடைத்தன. பம்பாய்க்கு வந்த பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து நடந்தேன். அந்த நிமிர்வு ஒரு சாப்பாட்டு ஹோட்டலில் முடிந்தது. எதிரே உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்த ஆபீஸ்காரர் எங்கே ஜாகை, என்ன காரியம் என்று விசாரித்தார். சொன்னேன்.

“தாராவிக்கா?” பிசைந்த கை நின்றது. “ஏன் சார், ஆத்துல ஏதாவது சண்டையா?”

“இல்லை, பாடம் நடத்த.”

“வாட்சைக் கழட்டி வெச்சுட்டுப் போங்கோ. பர்ஸை வெச்சுட்டுப் போங்கோ. கண்ணாடி இல்லாம தெரியுமோ உங்களுக்கு?”

“தெரியாது.”

“அப்போ அதைப் போட்டுக்கோங்கோ. ஆனா புதுசு மாதிரி இருக்கு.”

“நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?” என்று கேட்டேன். இங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

“நானா? பம்பாய் வந்து பதினெட்டு வருஷம் ஆறது. அந்தப் பக்கமே திரும்பினதில்லை. அதனாலதான் உசிரோட உக்காண்டு உங்ககூடப் பேசிண்டிருக்கேன்” என்று அவர் மோருக்குக் கை காட்டினார்.

திங்கட்கிழமை காலை செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்க வேண்டும். குர்லா வரை எதுவும் நடக்கவில்லை. அதன் பிறகு நெரிசலில் என்னை யாரோ ஏற்றினார்கள், நானாக ஏறவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் மராத்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவே ‘மதராசி’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அந்த வருஷங்களில் பம்பாயில் அந்தச் சொல்லைக் கேட்டால் மதராசிகள் தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்வார்கள். என் தோளுக்குப் பின்னாலிருந்த தமிழ் குமாஸ்தா ஒருவர் கேட்காமலே காதில் மொழிபெயர்த்தார்: “அவங்க ஆளுங்க வேலையையெல்லாம் மதராசிங்க வந்து எடுத்துக்கிறானுங்களாம்.”

அப்படிப்பட்ட ஒரு வேலையைக் காப்பாற்றத்தான் நான் ஆயிரம் மைல் தாண்டி வந்திருந்தேன். கையிலிருந்த தமிழ்ப் பத்திரிகையை நாலாக மடித்து இடுப்பில் செருகினேன். செருகிய பிறகுதான் கட்டியிருந்த வேட்டி கண்ணில் பட்டது. அதை மடித்து எங்கே செருகுவது?

நான் ஏறியது சயானில் நிற்காத வண்டி. சம்பந்தி வீட்டைத் தாண்டுகிறவன் மாதிரி அந்த ஸ்டேஷனைப் பார்க்காமலே ஓடியது. தாதரில் என்னைக் கொட்டிவிட்டுப் போயிற்று. திரும்ப வருவதற்குள் முதல் பீரியட் முடிந்திருந்தது.

சயானிலிருந்து பள்ளிக்கு நடக்கும் வழியை மூக்காலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கம் தோல் பதனிடும் கொட்டகைகள். மறுபக்கம் மீனவர்கள் மூங்கில் நட்டு, மீனைக் கயிற்றில் துணி மாதிரி காயப் போட்டிருந்தார்கள். கருவாட்டு நாற்றம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரனுக்குப் பழக்கம்தான். தோல் நாற்றம் அப்படி இல்லை. இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே என் தோளை ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருந்தது. ஒரு திருப்பத்தில், எதிரே வருகிறவனுக்கு வழிவிட நான் யாருடைய வீட்டுக்குள்ளோ பின்வாங்கிவிட்டேன். உள்ளே பல் விளக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், “போறவரு போங்க, கதவைச் சாத்திட்டுப் போங்க” என்றாள். என் வாட்சை யாரும் பறிக்கவில்லை. மணி என்ன என்றுகூட யாரும் கேட்கவில்லை. பயப்பட ஒன்றும் நடக்காதபோது பயம் எங்கே போய்த் தங்கும்? இன்ஸ்பெக்டர் மேல் போய்த் தங்கியது. அவர் வியாழக்கிழமை வருகிறார் என்றார் ஹெட்மாஸ்டர்.

வகுப்பில் எல்லாரும் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளைகள். ஆனால் பாதிப்பேர் அந்த ஊர்களைப் பார்த்ததில்லை. தமிழ்ப் பாடப் புத்தகத்தை ஒவ்வோர் எழுத்தாகக் கல் பொறுக்குவது போலப் படித்தார்கள்; ஹிந்தியில் கேலி பேசும்போது மட்டும் ஓர் எழுத்தும் தட்டவில்லை.

“ஆறு பார்த்தவர்கள் கை தூக்குங்கள்” என்றேன்.

எல்லாக் கைகளும் எழுந்தன.

“எந்த ஆறு?”

“பின்னால ஓடுதே, அது ஸார்” என்றான் சுடலை என்ற பையன். பள்ளியின் பின்புறம் கறுப்பாக ஒன்று நகர்ந்துகொண்டிருந்ததை நானும் பார்த்திருந்தேன்.

“அது சாக்கடை இல்லையா?”

“மழை பெய்தா ஆறு ஸார். மத்த நாள்ல கட்டர்.”

நைல் நதியில் வருஷா வருஷம் வெள்ளம் வரும், வண்டல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும் என்றேன். இங்கேயும் வரும், வீட்டுக்குள்ளேயே கொட்டும் என்றார்கள். எகிப்தில் அந்த மண்ணில் கோதுமை விளைந்தது. இங்கே என்ன விளையும் என்று கேட்டேன். “கொசு ஸார்” என்று ஒரே குரலில் பதில் வந்தது.

சிந்து சமவெளிக்கு வந்தபோதுதான் என் பேர் கெட்டது. மொகஞ்சதாரோவில் வீதிகள் நேராகவும் அகலமாகவும் இருந்தன என்றேன், பொறுத்துக்கொண்டார்கள். வீடுகள் சுட்ட செங்கல் என்றேன், பொறுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு குளியலறை, பல வீட்டில் கழிப்பிடம், அதிலிருந்து மூடிபோட்ட சாக்கடை என்றேன்.

முன் வரிசையில் பாக்கியம் என்ற பெண் எழுந்தாள். “எத்தனை வீட்டுக்கு ஒரு கக்கூஸ் ஸார்?”

“அந்தந்த வீட்டுக்குள்ளேயே.”

“லைன்ல நிக்க வேண்டாமா?”

“வேண்டாம்.”

“டப்பா தூக்கிட்டுப் போக வேண்டாமா?”

“வேண்டாம்.”

“சும்மா சொல்லாதீங்க ஸார்” என்று உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. கடவுளுக்கு மூன்றாயிரம் வருஷம் பலி கொடுத்த ராஜாக்களை, சிங்க உடம்பில் மனிதத் தலையை, பிணத்துக்குத் தைலம் பூசிய கதையை எல்லாம் நம்பிய பிள்ளைகள், ஒரு கழிப்பறையை நம்ப மறுத்தார்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் இந்தப் பெண் எழுந்து ‘சும்மா சொல்லுதாரு’ என்று சொன்னால் தேவசகாயம் குடும்பம் என் வீட்டு முன்னறையில் பாய் விரிக்கும்.

அன்று ராத்திரி உசல் என்கிற காரப் பயறும் பாவ் ரொட்டியும் சாப்பிட்டு (எஸ்தர் பம்பாய்க்காரியாகிவிட்டாள், என் வயிறு ஆகவில்லை) யோசித்ததில், காதால் நம்பாதவர்களைக் காலால் நம்ப வைக்கலாம் என்று தோன்றியது. பள்ளியை ஒட்டி முனிசிபாலிட்டியின் காலி மனை ஒன்று கிடந்தது. பிள்ளைகள் அதில் விளையாடுவார்கள். அங்கே மொகஞ்சதாரோவின் ஒரு பேட்டையைத் தரையில் கோடு போட்டுக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். புத்திசாலித்தனமான காரியம் என்று நினைத்தேன். நான் செய்தவற்றில் அப்படி நினைத்த காரியங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடிந்திருக்கின்றன.

சுடலையின் அப்பா தோல் கொட்டகையில் மயிர் சுரண்டுகிறவர். தோலை ஊறப் போடும் சுண்ணாம்பில் இரண்டு வாளி அவன் கொண்டுவந்தான். தையற்கடையில் அளவு நாடா இரவல் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். செவ்வாயும் புதனும் பள்ளி விட்டபிறகு வேலை. முளை அடித்து, நூல் கட்டி, நூலோரமாகச் சுண்ணாம்பு தூவினோம். நடுவே ஒரு பெரிய வீதி, நூல் பிடித்த மாதிரி நேராக. இரு பக்கமும் வீடுகள். வீட்டுக்கு வீடு வாசலுக்கு ஓர் இடைவெளி, மூலையில் குளியலறை, அதிலிருந்து தெருச் சாக்கடைக்கு ஒரு கோடு. ஒரு ஓரத்தில் பெருங்குளம், மறு ஓரத்தில் தானியக் களஞ்சியம். இன்ஸ்பெக்டர் எதைக் கேட்டாலும் பிள்ளைகள் ‘டக்’கென்று காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கொட்டை எழுத்தில் நம்பர் போட்டேன்.

பிள்ளைகள் கோட்டை மிதிக்கவில்லை. வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள். பாக்கியம் குளியலறைக் கட்டத்துக்குள் போய் நின்று, கையை நீட்டி, சுற்றிலும் சுவர் இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு வெளியே வந்து நாடாவை வாங்கி, வீட்டை அளந்தாள். “ஒரு வீட்ல எத்தனை பேர் இருந்தாவ ஸார்?” என்றாள். தெரியாது என்றேன். அவளுக்கு அது சரியான பதிலாகப் படவில்லை.

போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். புதன் சாயங்காலம் கூட்டமே நின்றது. யாரும் சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. கட்டங்களை வாய்க்குள் எண்ணினார்கள். பழங்கால நாகரிகத்தில் ஜனங்களுக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்து போனேன். அந்த நெகிழ்ச்சியோடு சயானுக்கு நடந்து, அன்று சரியான வண்டியில் ஏறினேன்.

வியாழக்கிழமை காலை மொகஞ்சதாரோவில் ஆட்கள் குடியிருந்தார்கள்.

முதலில் தெரு தப்பி வந்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு சுண்ணாம்புக் கோடு தெரிந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு மூலையில் மூங்கில் கம்பு, சுற்றிக் கோணி, மேலே தகரமோ தார்ப்பாயோ. மூன்றாம் நம்பரில் ஸ்டவ் எரிந்தது. ஐந்தாம் நம்பரில் ஒரு கிழவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். பெருங்குளத்தில் ஒரு பெரிய குடும்பம் பாய் விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தியிருந்தது. தானியக் களஞ்சியத்தில் ஓர் ஆடு. நாலாயிரம் ஐயாயிரம் வருஷம் ஆளில்லாமல் கிடந்த ஊர் ஒரே ராத்திரியில் நிரம்பியிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. திரும்பினால் பத்துப் பதினைந்து பேர். சிலர் கையில் தடி. முன்னால் நின்றவர் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். ஊர்ப் பக்கத்து ஆள் என்று பேச்சில் தெரிந்தது.

“என்ன வே, நீருதானா அளந்தது?”

நான் இல்லை என்று சொல்லியிருப்பேன். கழுத்தில் நாடா தொங்கிக்கொண்டிருந்தது. தையற்கடைக்காரனுக்குத் திருப்பிக் கொடுக்க அப்படியே போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

“கண்ணாடி, டேப்பு, எல்லாம் சரியா இருக்கு. ஏலே, இவன்தான்” என்றார் இன்னொருவர்.

“எந்தெந்த வீட்டை இடிக்கப் போறீயோ? அதைச் சொல்லும். சொல்லிட்டுப் போவும்.”

“இடிக்கவா? நான் வாத்தியார்.”

“வாத்தியாருக்கு டேப்பு எதுக்கு வே?”

நியாயமான கேள்வி. மாட்டுங்கா ஆபீஸ்காரர் ரசம் சாதத்தோடு மனதில் வந்து போனார். சரித்திரத்தில் எத்தனையோ பேர் எந்தக் காரணத்துக்கெல்லாமோ அடி வாங்கிச் செத்திருக்கிறார்கள். ஹரப்பா கலாசாரத்துக்காக உதைபட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று தோன்றியது. அந்த நினைப்பில் பெருமை ஒன்றும் இல்லை.

ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். காலர் விடுபட்டது. அவர் கும்பிட்டும் அதட்டியும், தமிழிலும் ஹிந்தியிலும், இது பிள்ளைகள் பாடம், இடிக்கிற விஷயம் இல்லை என்று சத்தியம் செய்த பிறகு கூட்டம் மூன்றடி பின்வாங்கியது. கலையவில்லை.

“என்ன சார் இப்படிச் செய்திட்டீங்க” என்று என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். “கோடு போட்டதுகூடப் பரவாயில்லை. நம்பர் ஏன் போட்டீங்க? இங்கே தரையில சுண்ணாம்புக் கோடும் நம்பரும் விழுந்தா ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு, முனிசிபாலிட்டி இடிக்கப் போறான். இல்லைன்னா, வீடு இடிபட்டவங்களுக்கு இடம் கொடுக்கப் போறான். முதல் விஷயத்தை நம்பினவன் தடியோட வந்திருக்கான். ரெண்டாவதை நம்பினவன் மூட்டையோட வந்திருக்கான்.”

“இப்போது என்ன செய்வது?”

“இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள கோட்டை அழிச்சு ஆளைக் கிளப்பணும். முனிசிபாலிட்டி மனையில பள்ளிக்கூடமே ஆளைக் குடிவெச்சதுன்னு எழுதிட்டா, தேவசகாயத்துக்கு வேலை போறது இருக்கட்டும், என் வேலையும் போகும்.” ஒரு தென்னந்துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். “போட்டது நீங்கதானே.”

துடைப்பத்தோடு தானியக் களஞ்சியத்துக்குப் போனேன். ஆடு இருக்கும் இடத்தில் ஆரம்பிப்பது பத்திரம் என்று கணக்கு. ஆட்டுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். கோணியை ஊசி போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், பள்ளிச் சீருடையில், பாக்கியம்.

“எங்க அம்மை ஸார். சொர்ணம்னு பேரு” என்றாள், வகுப்பில் அறிமுகம் செய்வது போல.

“அம்மா, இது யாருக்கும் கொடுக்கிற இடம் இல்லை. பாடத்துக்காகப் போட்டது. பழைய காலத்து ஊர்” என்றேன்.

“தெரியும் ஸார்” என்றாள் சொர்ணம். தைப்பதை நிறுத்தவில்லை. “சரித்திரம்னுதான் மக சொன்னா.”

“தெரிந்துமா வந்தீர்கள்?”

“கோடு போட்டாச்சுல்லா.”

அவளே தொடர்ந்தாள்: “போன மழைக்கு முன்னாடி எங்க எடத்தை இடிச்சாவ. அதுல இருந்து என் தம்பி கோலிலதான், அந்த ஒத்த ரூம்லதான் கெடக்கோம். அவனுக்கும் அஞ்சு பிள்ளை. ஒரு சொல்லு சொல்லலை அவன். அதான் ஸார் தாங்க முடியலை.” நூலைப் பல்லால் கடித்தாள். “நீங்க அழிக்கதுன்னா அழிங்க. நான் கம்பைப் பிடுங்க மாட்டேன்.”

துடைப்பத்தைத் தரையில் வைத்தேன். ஒரு தடவை இழுக்க வேண்டும் என்றுதான் வைத்தேன். தடிக்கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, மூட்டைக் கூட்டமும் பார்த்துக்கொண்டிருந்தது, ஹெட்மாஸ்டர் சுவரோரமிருந்து கையால் பெருக்கிக் காட்டினார். எனக்கு இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம். இப்படி இரண்டு பயம் சம எடையாக இருந்தால் மனிதன் அசையாமல் நிற்பான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது உறுதி மாதிரி தெரியும். அப்படி நான் நின்றுகொண்டிருந்தபோது பள்ளி வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மராத்திக்காரர். கோட்டுப் போட்டிருந்தார், வேர்த்திருந்தது. கூட்டத்தையும் தடிகளையும் பார்த்தார். “என்ன இது?” என்று ஹெட்மாஸ்டரை ஆங்கிலத்தில் கேட்டார். “விளையாட்டு மைதானம்” என்றார் ஹெட்மாஸ்டர். இருவரும் வேகமாக உள்ளே போனார்கள். அவர்கள் நடையிலிருந்து, பயப்படுவது நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பயந்த அதிகாரியைப் போல ஆபத்தானவர் இல்லை.

பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று சொல்லத் தெரியாது. சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது மட்டும் ஞாபகம். ஹெட்மாஸ்டர் அவர் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். நான் நிறுத்தினேன். அவர் வகுப்பைப் பார்த்து, ஹிந்தியில் ஒரு கேள்வி கேட்டார். அந்த நகரம் எப்படி அழிந்தது என்று கேட்கிறார் என்றார் ஹெட்மாஸ்டர்.

அதற்குப் புத்தகத்தில் பதில் உண்டு. வெள்ளம் வந்திருக்கலாம், பகைவர் வந்திருக்கலாம், ஆறு தடம் மாறியிருக்கலாம், நிச்சயமாகத் தெரியவில்லை. திங்கட்கிழமையே சொல்லிக் கொடுத்திருந்தேன். சுடலை உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் பாக்கியம் எழுந்துவிட்டாள்.

அவளும் ஹிந்தியிலேயே சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இன்ஸ்பெக்டரின் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் ஏதோ மாறிப்போயிற்று, நல்லதாகவா கெட்டதாகவா என்று தெரியவில்லை. அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். ஜன்னல் பக்கம் கை காட்டினாள். பின் வரிசையில்கூட யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையும் எஸ்தரும் பிள்ளைகளும் பாளையங்கோட்டை ஸ்டேஷனில் இறங்குவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மாப்பிள்ளை இன்னும் மஞ்சளாகவே இருந்தார்.

“என்ன சொன்னாள்?” என்று ஹெட்மாஸ்டரிடம் கிசுகிசுத்தேன்.

“‘தெரு நேரா இருந்துச்சு சாப். அதனால லாரி கடைசி வரைக்கும் வந்துடுச்சு’ன்னா.” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அந்தக் காலத்துல ஏது லாரின்னு கேட்டார். ‘அப்போ மாட்டு வண்டி’ன்னா. எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னு கேட்டார். ‘புஸ்தகம் இல்லை, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். சந்து சந்தா இருந்த வீட்டையெல்லாம் விட்டுட்டாங்க, உள்ளே நுழைய முடியலை. எங்க தெரு நேர் தெரு’ன்னா.”

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து, ஆசிரியர் பெயர் கேட்டார். தேவசகாயம் என்ற பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னோம். பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல் எழுதினார். தலைகீழாகப் படிப்பது வாத்தியார்களுக்குக் கைவந்த கலை. திருப்தி என்றுதான் இருந்தது. நான் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தோடு அவர் டாக்ஸி ஏறியிருக்கலாம். மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஹெட்மாஸ்டர் முன்னால், அவர் நடுவில், நான் பின்னால். தடிக்காரர்கள் வழி விட்டார்கள். வீதியில் அவர் மெதுவாக நடந்தார், நம்பர்களைப் படித்துக்கொண்டே. தானியக் களஞ்சியத்தின் கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கியபோது உள்ளேயிருந்து சொர்ணம், “வாசல் அந்தாப்ல இருக்கு” என்றாள். தமிழ் புரிந்ததோ கை காட்டியது புரிந்ததோ, அவர் தூக்கிய காலை இறக்கி, சுற்றிக்கொண்டு போய், இடைவெளி வழியாக நுழைந்தார். ஆடு அவருடைய கோட்டு நுனியை முகர்ந்தது.

அவர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: பாடம் நன்றாக இருந்தது. ஆனால் இது முனிசிபாலிட்டி மனை. கண்ணால் பார்த்துவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. இன்றே முனிசிபல் வார்டு ஆபீசுக்கு எழுத வேண்டியது என் கடமை. அவர்கள் லாரி அனுப்புவார்கள். இவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். கடைசி வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சொர்ணத்தின் முகத்தையும் பார்க்கவில்லை.

சொர்ணம் ஊசியைக் கோணியில் குத்தி வைத்தாள். “ஐயா என்ன சொல்லுதாரு?” என்று என்னைக் கேட்டாள்.

ஹெட்மாஸ்டருக்கு இரண்டு பாஷையும் தெரியும். தடியோடு நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் ரிப்போர்ட் இன்னும் இன்ஸ்பெக்டரின் கோட்டுப் பையில்தான் இருந்தது. எடுத்து ஒரு கோடு கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

“தெருவைக் கொஞ்சம் வளைச்சுக் கட்டச் சொல்லுதாரு” என்றேன்.

ஹெட்மாஸ்டருக்கு இருமல் வந்தது. இன்ஸ்பெக்டர், சொல்லியாயிற்றா என்கிற மாதிரி தலையசைத்துவிட்டு, வாசல் வழியாகவே வெளியே போனார். சொர்ணம் எழுந்து முன்பக்கத்துக் கம்பு ஒன்றைப் பிடுங்கினாள். அதைத் தூக்கிக்கொண்டு நடு வீதிக்கு வந்து, ஐயாயிரம் வருஷமாக நேராக இருந்த அந்தத் தெருவில் குழி தோண்ட ஆரம்பித்தாள்.